டாங்கோவுக்கு முன் ஒரு முன்னுரை

கல்யாண வெள்ளி விழாவுக்கு நகை வேண்டாம், ஜோடியாக அணைத்துக்கொண்டு ஆடுகிற டாங்கோ நடனம் ஒரே ஒன்று என்னோடு ஆடினால் போதும் என்று என் கணவரிடம் சொன்னேன். அக்னியைச் சுற்றும்போது என் சுண்டுவிரலைப் பிடித்தவர், அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் என்னைத் தொட்டதே கிடையாது. மவுரி அவென்யூ மளிகைக் கடையில்கூட டிராலிக்கு அந்தப் பக்கம்தான் நடப்பார்.

"ஆடலாமே," என்றார். "ஆனா பேக்ரவுண்ட் தெரியாம எப்படி ஆடறது?"

மைக்ரோவேவ் வாங்கினால் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற மனிதர் இவர். நான் மெட்டுக்காக ஒரு பழைய டாங்கோ பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். இவர் அதன் சரித்திரத்துக்குள் இறங்கிவிட்டார்.

"இந்தப் பாட்டுல என்ன சொல்றான் தெரியுமா? அவனை விட்டுட்டு அவ மூட்டை கட்டிட்டுப் போயிட்டா. வாடகை ரூம்ல தனியா உக்காந்து அழறான்."

"வாவ், பர்ஃபெக்ட் ஆனிவர்சரி சாங்," என்றாள் எங்கள் மகள்.

வீட்டுக்குள் செருப்பு கூடாது என்பது இவர் போட்ட சட்டம். அதனால் ஹீல்ஸ் மாட்டிக்கொண்டு கராஜில், காருக்கும் அரிசி மூட்டைகளுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் நடுவே, நான் மட்டும் பழகினேன். இவர் கதவைத் திறந்து தலையை நீட்டுவார்.

"டாங்கோ பொறந்த புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்துல பொம்பளைங்க கம்மி. ஆம்பளைங்க ஒருத்தரோட ஒருத்தர் ஆடித்தான் கத்துக்கிட்டாங்களாம்."

"நான் வாட்டர் ஹீட்டரோட கத்துக்கறேன். கதவைச் சாத்துங்க."

விழா எங்கள் வீட்டு ஹாலில்தான். வாசலில் செருப்பு மலை. இவர் லேப்டாப்பை டிவியில் சொருகிப் பேச ஆரம்பித்தார். கப்பல், துறைமுகம், பிழைக்க வந்து ஒரே அறையில் அடைந்து கிடந்த இத்தாலிக்காரர்கள் என்று ஸ்லைடுகள் ஓடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவங்க எல்லாரும் என்ன நினைச்சு வந்தாங்க? கொஞ்ச நாள் சம்பாதிச்சுட்டு ஊருக்கே திரும்பிடலாம்னு."

இந்த நாட்டுக்கு விமானம் ஏறும்போது அதையே சொல்லாதவர் அங்கே யாரும் இல்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஒருவர் தன் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூரி ஆறுது," என்றார் ஓர் ஆன்ட்டி.

அடுத்த ஸ்லைடு வருவதற்குள் லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டுப் பாட்டைப் போட்டேன். ஹீல்ஸ் கராஜிலேயே இருந்ததால் எனக்கு வெறுங்கால், இவருக்குச் சாக்ஸ். ஹாலின் மரத்தரையோ முந்தின நாள்தான் பளபளவென்று துடைத்தது. ரெண்டு எட்டு வைத்ததும் இவர் கால் வழுக்கியது. விழாமலிருக்க என்னை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அப்படியே பின்னால் சாய்த்தார். இதுதான் டாங்கோ போலிருக்கிறது என்று எல்லோரும் கை தட்டினார்கள். "ஒன்ஸ் மோர்!" என்று ஓர் அங்கிள் விசிலடித்தார்.

எப்படியோ என்னை நிமிர்த்தினார். ஒட்டிக்கொண்டே ஹாலைச் சுற்றி, சோபா வரைக்கும் வந்து சேர்ந்தோம். பாட்டும் முடிந்தது. எல்லோரும் தட்டு எடுக்கக் கிளம்பினார்கள்.

"முடிஞ்சிடுச்சுங்க," என்றேன் மெதுவாக.

"தரை வழுக்குது," என்றார். கையை எடுக்கவில்லை.

நாங்கள் அப்போது கார்ப்பெட் மேல் நின்றிருந்தோம்.