பெரியப்பாவின் வயல் மட்டும்

பசுமலையில் எங்கள் வீட்டு மாடியில், ரோஜா இலைகளில் விழுந்த கரும்புள்ளிக்குத் தெளிக்க என் கணவர் இன்று வேப்பிலையையும் துளசியையும் கொதிக்க வைத்தார். அந்தக் கசப்பு வாடை என்னை அலங்காநல்லூர் பக்கத்து வயலுக்கு இழுத்துப் போனது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் நெல்லில் குலைநோய் விழுந்தது. இலையெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி.

"பூஞ்சாணம்டா இது. வேப்பிலையும் துளசியும் காய்ச்சி ரெண்டு வயல்லயும் அடிப்போம். கடை மருந்தத் தொடவே கூடாது" என்றார் பக்கத்து வயல்காரரான பெரியப்பா. இயற்கை விவசாயி என்று ஊரில் அவருக்குப் பெயர். அப்பா அண்டா அண்டாவாகக் காய்ச்சித் தெளித்தார். வீட்டில் சோறுகூட அந்த வாடை அடித்தது.

எங்கள் கதிர்கள் கழுத்து ஒடிந்து பதராகின. பெரியப்பாவின் வயல் மட்டும் செழிப்பாக நின்றது. "எனக்குத்தான் பக்குவம் தெரியல" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அப்பா மருகினார்.

பிறகு, மிஞ்சிய கதிர்களுக்காவது தெளிக்கலாம் என்றபோது எங்கள் தெளிப்பான் பழுதாகி, பெரியப்பாவிடம் இரவல் கேட்கப் போனோம். அவருடைய தெளிப்பானின் மூடியை அப்பா திறந்ததும் கடை மருந்தின் நெடி மூக்கில் ஏறியது.

"என்னண்ணே இது?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். "பயிர் போயிருமோன்னு பயந்துட்டேன்டா. வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுரும்ல."

"எனக்கும் அம்புட்டு பயம் இருந்துச்சுண்ணே. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா தெளிப்பானை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார்.

இன்றும் விசேஷ வீடுகளில் அவரைக் கண்டால் "வாங்கண்ணே" என்று முதலில் எழுந்து நிற்பது அப்பாதான். வயலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.