ஐந்நூற்று எண்பதா, ஆயிரத்து அறுபதா

கொடுக்கும் விலைக்கு ஏற்ற வேகம் எது என்று மட்டும் பார்த்தால் கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் படத்தை ஓடவைக்கிற அந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. 1060 பச்சைக் கம்பெனியின் சரக்கு, நினைவகம் ஆறு ஜிபி. 580 சிவப்புக் கம்பெனியுடையது, எட்டு ஜிபி. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் அந்த இரு கம்பெனிகளையும் நிறத்தை வைத்துத்தான் சொல்வார்கள். பழைய விளையாட்டுகளில் 1060 கொஞ்சம் முன்னால் நிற்கும். புதியவற்றில், நினைவகம் கூடுதல் என்பதால், 580 முந்தும். ஆனால் 580 ஒன்றரை மடங்கு மின்சாரம் குடித்து அந்த அளவுக்குச் சூட்டையும் கக்கும். அப்படியிருந்தும் பழைய சந்தையில் அதுதான் மலிவு. இரவு பகலாகக் கம்ப்யூட்டரை ஓடவிட்டு டிஜிட்டல் நாணயம் எடுக்கிற பைத்தியம் தெளிந்தபின், அந்த வேலையில் தேய்ந்த 580கள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. ஆகவே பழைய 580 வாங்குகிறவர் முதலில் விசாரிக்கவேண்டியது, அது இதற்குமுன் யாரிடம் என்ன பாடுபட்டது என்பதை.

இதையெல்லாம் என் இளைய மச்சினனிடம், பொங்கல் கழிந்த வாரத்திலேயே தெளிவாகச் சொன்னேன்.

அவன் என் மனைவியின் தம்பி. நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குப் பிழை திருத்துகிறவன். விருதுநகரில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். திதி ஒரு நாழிகை தவறினாலும் கண்ணில் குத்துகிற பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் சரித்திரப் புத்தகம் படிப்பேன், அல்லது பழைய போர்களை வைத்துச் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஆடுவேன். அதனால் கார்டு விஷயத்தில் குடும்பம் என்னைத்தான் கேட்கும். கேட்டுவிட்டு வேறு மாதிரிச் செய்யும்.

மனைவிக்கு ஓர் அண்ணனும் உண்டு. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். இளையவன் அவரிடம் எட்டு வருடம் வேலை பார்த்தான். முந்தைய கோடையில் பக்கத்துக் கம்பெனியில் மருந்துக் கலவை அறை வெடித்தது. இவன் ஓடிப்போய்த் தூக்கினான். தூக்கியது என்ன என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அதற்குப்பின் கம்பெனி வாசலைக் கண்டாலே அவனுக்குக் கை நடுங்கியது. வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"பயம்னு சொல்லாதலே, சோம்பேறித்தனம்னு சொல்லு" என்றார் அண்ணன் அவனிடம். "பயந்தவன் விடிய விடிய கம்ப்யூட்டர்லே துப்பாக்கி எடுத்துச் சுட்டுக்கிட்டு இருப்பானா?"

உண்மையில் அவனுக்கு மனம் ஒன்றியது அந்த விளையாட்டில் மட்டும்தான். அதையே தொழிலாக்கலாம் என்று நினைத்தான். சிவகாசியில் அண்ணனுக்குச் சொந்தமான ஓர் அறை சும்மா கிடந்தது. அங்கே பத்து கம்ப்யூட்டர் போட்டு, கல்லூரிப் பிள்ளைகளும் அச்சகத்து இளவட்டங்களும் காசு கொடுத்து விளையாடுகிற ஒரு சென்டர் வைக்க ஆசைப்பட்டான். அண்ணன் அறையைக் கொடுத்தார். எங்கள் எல்லார் முன்னாலும் நிபந்தனையும் போட்டார்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். ஓடுச்சுன்னா நீ மொதலாளி. ஓடலேன்னா மறுநாளு கம்பெனிக்கு வந்துரணும். என்ன வேலை சொல்லுதேனோ அந்த வேலை. அப்ப வந்து கை நடுங்குது காலு நடுங்குதுன்னு நிக்கப்புடாது."

"சரிண்ணே" என்றான் இளையவன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மதுரைத் தரகன் ஒருவன் இரண்டு மாடலிலும் ஒவ்வொரு கார்டு கொடுத்தனுப்பினான். பார்த்துவிட்டு எது வேண்டுமோ அதில் பத்து எடுத்துக்கொள்ளலாம். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில் என் கம்ப்யூட்டரையும் மச்சினனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு கார்டுகளையும் மாட்டினோம். இரண்டிலும் ஒரே விளையாட்டு, ஒரே காட்சி. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, வேகத்தையும் சூட்டையும் குறித்தேன். அண்ணனும் வந்திருந்தார். ஒரு நாற்காலியை நடுக்கூடத்தில் இழுத்துப்போட்டு, வடநாட்டு வியாபாரி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோடையில் வடக்கேயிருந்து வியாபாரிகள் வருவார்கள். கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் அவர்களுக்கு நாற்காலி போட்டு, ரகத்துக்கு ஒன்றாகக் கொளுத்திக் காட்டவேண்டும். நிறமும் உயரமும் பிடித்தால் லாரி லோடாக ஆர்டர் கிடைக்கும். இளைய மச்சினன் எட்டு வருடமும் செய்தது இந்த சாம்பிள் வேலைதான். சாம்பிளுக்கென்று தனியாகச் சலித்த மருந்து, தனியாக நிறைத்த குழாய். லோடில் போவது வேறு. எல்லாக் கம்பெனியிலும் அப்படி என்று நான் சொல்லவில்லை, இவர் கம்பெனியில் அப்படி.

"எது மாப்ளே சத்தம் கூடப் போடுது?" என்று என்னைக் கேட்டார் அண்ணன்.

"580."

"அப்ப அதுலேதான் சரக்கு இருக்கு."

"அது காத்தாடிச் சத்தம் மச்சான். சூட்டைத் தள்ளுது."

"இருக்கட்டும் மாப்ளே. சத்தமில்லாததை எவன் வாங்குவான்?"

நான் கண்ட முடிவைச் சொன்னேன். 580 லேசாக முந்துகிறது, விலையும் குறைவு. ஆனால் கடை அறைக்குத் தகரக் கூரை. பத்து 580 ஓடினால் பங்குனி வெயிலில் உள்ளே உட்கார முடியாது. என்னைக் கேட்டால் விலை கூடினாலும் 1060. இல்லை 580தான் என்றால், மதுரையில் தரகன் கடையிலேயே உட்கார்ந்து பத்தையும் ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்துத்தான் காசைக் கொடுக்கவேண்டும்.

"பத்தையுமா அத்தான்?" இளையவன் சிரித்தான். "ஒரே லாட்டுன்னா ஒரு பீஸைக் கொளுத்திப் பாத்தாப் போதும். நான் பாக்காத சாம்பிளா?"

இந்தத் தவறைச் செய்ய எங்கள் பக்கத்துக்காரனாக இருக்கவேண்டும். காலையில் கலந்த மருந்து முழுக்க ஒரே மருந்து. அதிலிருந்து ஒரு வெடியைக் கொளுத்தினால் மிச்சம் எப்படி என்று தெரிந்துவிடும். பழைய கார்டு அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் உழைத்து வந்தது. இதையும் சொன்னேன். அவன் 580 ஓடுகிற திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாம்பிளோடு சேர்த்துப் பத்தும் 580ஆகவே, மற்றவற்றை ஓட்டிப் பார்க்காமல் வாங்கிவந்தான். பங்குனியில் சென்டர் திறந்தது. முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கே அடித்துக்கொண்டார்கள். அதில் இருந்தது என் வீட்டில் சோதித்த கார்டு. மற்ற ஒன்பதில் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. இரண்டில் திரை முழுக்கக் கலர் கலராகப் புள்ளி தெறித்தது.

"அண்ணே, இது கேமா, கல்யாண ஆல்பமா? ஒவ்வொரு போட்டோவா வருது" என்றான் ஓர் அச்சகத்துப் பையன்.

"ஏழாம் நம்பர்லே இப்பவே தீவாளி வந்துருச்சுலே. வாங்க, மத்தாப்புப் பாக்கலாம்" என்றான் இன்னொருவன். அந்த ஏழாம் நம்பரைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியும் விட்டான்.

சித்திரையில், பரீட்சை லீவு தொடங்கி நாலு காசு பார்க்கவேண்டிய நேரத்தில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த இன்னொரு சென்டருக்குக் கூட்டம் மாறிவிட்டது.

ஒரு ஞாயிறு நான் போனேன். தகரத்தின் கீழே அறை அடுப்பாக இருந்தது. கார்டின் உள்விவரத்தைக் காட்டுகிற சின்ன மென்பொருள் ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் திறந்தேன். ஒன்றாம் நம்பரில், கார்டுக்குள்ளே கணக்குப் போடுகிற அலகுகள் 2304 என்று காட்டியது. அதுதான் முழு 580. இரண்டாம் நம்பரில் 2048. மூன்றிலும் 2048. அதே பெயரில், அதே அட்டைப்பெட்டியில், சீனச் சந்தைக்கென்று குறைத்துச் செய்த ரகம் ஒன்று இருக்கிறது. ஒன்பதும் அதுதான். அது உபயோகமில்லாத கார்டு என்று சொல்லமாட்டேன். அதற்குரிய விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். இவன் கொடுத்தது முழு 580க்கான விலை. தவிர, ஒன்பதும் நாணயம் எடுத்துத் தேய்ந்தவை.

பத்தாவதைத் திறப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. "சாம்பிளு வேற, லோடு வேற" என்றான். ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

தரகனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் கேட்டேன். தரகன் கோபப்படவே இல்லை.

"பெட்டியிலே என்ன போட்டுருக்கு, 580தானே? நீங்க கேட்டதும் 580தானே? நான் என்னத்த மாத்துனேன் சொல்லுங்க."

போனை வைத்ததும் மச்சினன் என்னைப் பார்த்தான். "போன வருசம் ஒரு சேட்டு லோடு சரியில்லைன்னு பேசினாரு அத்தான். நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். இதே மாதிரி மெதுவா."

அன்று இரவு என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பவில்லை. "ஒரு கார்டு பாத்து வாங்கத் தெரியாதவனுக்குக் கடை எதுக்கு" என்றாள்.

வைகாசியில் உறவில் ஒரு காதுகுத்து. ஆமத்தூரில் ஒரு தோட்டத்தில் பந்தி போட்டிருந்தார்கள். இளையவன் பாயாச வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தான். அண்ணன் பந்தியில் நடுவே இருந்தார், நான் அவருக்கு அடுத்த இலை. யாரோ, தம்பியின் சென்டர் எப்படிப் போகிறது என்று கேட்டுவைத்தார்கள். அதற்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"எந்தம்பியா? தொழில்லே புலி. எட்டு வருசம் வடக்க இருந்து வந்தவன் கண்ணுலே மண்ணத் தூவுனவன். இவனுக்கு மதுரைக்காரன் ஒருத்தன் ஒரே ஒரு சாம்பிளைக் காமிச்சு ஒம்போது கழிசலைத் தலையிலே கட்டிட்டுப் போயிட்டான்." முழுக் கதையையும் சொன்னார், போனில் தரகன் பேசியது உட்பட. அதை அவருக்குச் சொன்னது என் மனைவி. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எதிர்வரிசையிலிருந்து ஒருவர், "அந்த மதுரைக்காரரு அட்ரஸ் இருந்தாக் குடுங்கண்ணே. நம்ம கம்பெனிக்கு மேனேஜராப் போட்டுக்கிடுவோம்" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது.

அதற்குள் இளையவன் அண்ணனுடைய இலைக்கு வந்துவிட்டான். "பாயாசம் வைக்கட்டுமாண்ணே?"

"பாத்து ஊத்துலே. வாளியிலே மேலாப்பிலே ஒண்ணு, அடியிலே ஒண்ணுன்னு இருந்துறப்போவுது."

அவன் ஊற்றினான். எனக்கும் ஊற்றினான். கடைசி இலைவரை போனான்.

அதற்குப்பின் அவன் செய்ததையும் சொல்லவேண்டும். ஒன்பது கார்டுகளையும் கழற்றி, காற்றாடியைச் சுத்தம் செய்து, சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டிப் புதிதாகத் தடவினான். சூடு தணியத் தகரக் கூரைமேல் ஈரக் கோணி விரித்தான். எந்த விளையாட்டில் எந்த அளவுக்குப் படத்தின் தரத்தைக் குறைத்தால் திக்காமல் ஓடும் என்று நானும் அவனும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஒன்பதில் ஏழு ஒழுங்காகவே ஓடின. ஆனால் ஆல்பம், மத்தாப்பு என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனி முழுக்க அவனே ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்து தனியாக விளையாடினான்.

ஆடி பிறந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றான். நானும் கூடப் போனேன்.

"தீவாளி வரைக்கும் குடுங்கண்ணே. இப்ப எல்லாம் நல்லா ஓடுது. அத்தான்கிட்டக் கேளுங்க."

"ஓடுது மச்சான்" என்றேன் நான்.

"ஓடட்டும் மாப்ளே. எனக்கு கிப்ட் பாக்ஸ் அடுக்க எடமில்லை. வாடகைக்குக் குடோன் தேடிக்கிட்டு இருக்கேன், சொந்த ரூமிலே இவன் பொம்மை பாத்துக்கிட்டு இருக்கான்." தம்பியின் பக்கம் திரும்பினார். "நாக்குன்னு ஒண்ணு இருக்கால்லே ஒனக்கு? பதினெட்டுன்னா பதினெட்டு."

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பங்களை வெளியிடுவார்கள். மறுநாள் காலையில் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் கம்பெனிக்குப் போனேன். அவர் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டர் வருடாவருடம் எங்களிடம்தான். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இளையவன் வேலையாட்களோடு வரிசையில் வந்தான். போன், தீப்பெட்டி, இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதால் வாட்ச்மேன் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து விடுவார். முன்பெல்லாம் இவன் வந்தால் அவர் சல்யூட் வைத்துக் கதவைத் திறப்பார். இன்றும் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டார்.

"அவனையும் பாருய்யா" என்றார் அண்ணன்.

வாட்ச்மேன் தயங்கினார். "சின்ன மொதலாளி, கையைக் கொஞ்சம் தூக்குறீகளா?"

"எவன்யா சின்ன மொதலாளி? ஒரு கம்பெனிக்கு எம்புட்டு மொதலாளி? நல்லாத் தடவிப் பாரு, கேமு கீமு வச்சிருப்பான்."

வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தி, "கையைத் தூக்குப்பா" என்றார். இளையவன் தூக்கினான். தூக்கிய இரண்டு கையும் நடுங்கின. வாட்ச்மேன் சட்டைப் பையையும் இடுப்பையும் தடவி, பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"எங்கன போட்டிருக்கீக மச்சான் அவனை?" என்று கேட்டேன்.

"மருந்து கலக்குற ரூம்லே, எடை போட. தெளியணும்லா."

இளையவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நடந்தான். இடது கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு போனான். அண்ணன் அடுத்த பக்கத்தைப் புரட்டி, லீவு நாட்களின் சிவப்பு இன்னும் எடுப்பாக வேண்டும் என்றார். குறித்துக்கொண்டேன்.