டாக்டர் சொன்னதை நான் மறைத்தேன்

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் எங்கள் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மழை நாளில் என் மனைவி கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல் மேல் வழுக்கி விழுந்தாள். வலது முழங்கையில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள்.

பிரித்த அன்று நர்ஸ் அந்தக் கையை லேசாக மடக்கச் சொன்னதும், "யா அல்லா!" என்று அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பெண்கள் பகுதியில் அவளை உட்கார வைத்துவிட்டு, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எலும்பு கூடிவிட்டது, இனிமேல் தினமும் அவளாகவே கையை மடக்கி நீட்ட வேண்டும், வலிக்கும், ஆனாலும் விடக்கூடாது என்று தெளிவாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜட்கா வண்டியில் ஏறியதும் அவள் கேட்டாள், "டாக்டரு என்ன சொன்னாரு?"

"அசைக்காம வச்சுக்கிறச் சொன்னாரு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அந்தச் சத்தம் காதிலேயே நின்றது, வாயில் தானாக வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் பழைய மல் துணியைக் கிழித்து அவள் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். எலும்புக்குப் பலம் என்று தினமும் காலையில் ஆட்டுக்கால் சூப் வாங்கி வந்து கொடுத்தேன். மூன்று வேளையும் நானே சோறு ஊட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள், "இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும்!" என்று அவளிடம் சொல்வது என் காதில் விழும். எனக்குப் பெருமை தாங்காது.

இரண்டு மாதம் ஓடியது. கை மடங்கின வாக்கிலேயே நின்றுவிட்டது. மேலே கொஞ்சம் பருமனாக இருந்த புஜம் குச்சியாகிவிட்டது. விரல் வாய்க்கு எட்டவில்லை. இடது கையால் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. யாராவது வந்திருந்தால் நான் ஊட்ட ஊட்ட வெட்கப்பட்டு, இரண்டு வாயோடு போதும் என்பாள். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "ஆயுசு முழுக்க இப்படித்தானா நான்?" என்று அழுதாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்கிறீர்கள்? டாக்டர் மேல்! எலும்பை ஒழுங்காகச் சேர்க்கவில்லை, நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் செய்த காரியம் அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. மனுஷ மனசு அப்படி.

வராந்தாவில் சாணார்பட்டிப் பக்கத்துக்காரப் பெண் ஒருத்தி மருந்துக்காகக் காத்திருந்தாள். காய்கறி விற்கிறவள். மாவுக்கட்டுப் பிரித்த அன்று என் மனைவியோடு அதே பெஞ்சில் இருந்தவள். அவளுக்கும் அதே முழங்கைதான். இப்போது அந்தக் கையாலேயே தலையிலிருந்து கூடையை இறக்கி வைத்தாள். என் மனைவியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஏந்தாயி, கையை இன்னுமா தூளியில போட்டுத் தாலாட்டுற?"

"அசைக்கக் கூடாதுன்னாகளே…"

"எவன் சொன்னது? மடக்கு, நீட்டுன்னு டாக்டரு எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! நான் ஒத்தக்கட்டை, எனக்கு யாரு தண்ணி எறச்சுத் தருவா? அம்புட்டு வலியிலயும் அழுதுக்கிட்டே மடக்கி நீட்டிப் பழகுனேன். ஒனக்குச் சொல்லலையா?"

என் மனைவி முகத்திரையை விலக்கி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒங்ககிட்டச் சொன்னாரா?"

"சொன்னாரு. நீ கத்துனதை என்னால தாங்க முடியல."

"கத்துனது நானு. தாங்க முடியாமப் போனது ஒங்களுக்கா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சண்டை போட வந்த நான் அந்த வராந்தாவில் கூனிக் குறுகி நின்றேன்.

டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். மூட்டு இறுகிவிட்டது, வேலை இல்லாமல் தசையும் வற்றிவிட்டது என்றார். சூப்பைப் பற்றிச் சொன்னேன். "சூப்பு குடிக்கட்டும் பாய், வேணாங்கல. அதுவா வந்து கையை மடக்கும்?" என்றார். முயற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"நானே தெனமும் பிடிச்சு மடக்கி விடுறேன் டாக்டர்."

"நீங்க தொடவே கூடாது. வேற யாரும் இழுத்தா, உருவிவிட்டா இன்னும் கெட்டுப்போகும். எதுவரைக்கும் தாங்கலாம்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்கதான் செய்யணும்."

அன்று முதல் காலையும் மாலையும் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மடக்குவாள், நீட்டுவாள். பல்லைக் கடித்துக்கொள்வாள், கண்ணில் தண்ணீர் வழியும். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். தாங்க முடியாமல் இரண்டு தடவை தெருவுக்கே ஓடியிருக்கிறேன். "செத்த நேரம் போதும் விடு" என்று வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன். முதலில் கையை எட்டின மட்டும் தூக்கி, மீதிக்குத் தலையைக் குனிந்து சோற்றை வாயில் வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், நிமிர்ந்து உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு தட்டுச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தாள். நான் எழுந்து போய் முகம் கழுவுகிற மாதிரி அழுதுவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், டாக்டர் சொல்வதை உடம்புக்காரரே நேரில் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவளுடைய வலது கை அதற்கப்புறமும் முழுசாக நீளவில்லை, இன்றைக்கும் ஒரு சாண் குறையும். அதை ஒரு நாளும் அவள் எனக்குக் குத்திக்காட்டியதில்லை, அதனால்தானோ என்னவோ, அவள் எதையாவது எட்டி எடுக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.