கைக்கும் கரத்துக்கும் நடுவில் அம்மாள் நின்றாள்

"தீவாருக்கு ஆசியப் போட்டியோ? முதல் பண்ணைப் பாலத்தைக் கடவும் பிள்ளை, பிறகு பாப்பம்."

யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு லிகிதர் இதை என் முகத்துக்கு நேரே சொன்னார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் நயினாதீவு, பண்ணைப் பாலம் தாண்டிப் படகேறிப் போகும் தீவு. என்னைப் பெற்ற ஐயா தோட்டம் செய்கிறார், அம்மா பனையோலைப் பெட்டி இழைக்கிறா. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஆசிய நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் போட்டி ஒன்றுக்கு எங்கள் நாடும் புதிதாக அணி சேர்க்கிறது, பந்து விளையாடும் பெண்கள் எவரும் தெரிவுக்கு வரலாம் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. கடிதம் சிங்களத்தில் மட்டும். அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவர் அதே லிகிதர். "கரப்பந்து" என்று எழுதியிருந்தார்.

தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை கரப்பந்து, அதாவது வொலிபோல், பழகினேன். பள்ளிக்கூட வளவில் பழைய மீன்வலையைக் கட்டி, வெறுங்காலில், மணலில். பந்து நிலத்தில் படக்கூடாது. கையில் பிடிக்கவும் கூடாது. விழுந்து விழுந்து தட்டினேன். முழங்கை இரண்டும் தோல் உரிந்தது.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை அம்மாவும் நானும் கொழும்பு மைதானத்தில் நின்றோம். அங்கே நடுவில் வலை இல்லை. இரண்டு தலைப்பிலும் கோல் கம்பங்கள் நின்றன. பக்கத்தில் நின்ற மட்டக்களப்புப் பிள்ளையிடம் கேட்டேன்.

"இது கைப்பந்து அக்கா, ஹாண்ட்போல். பிடிச்சு, ஓடி, கோலுக்குள்ள எறியோணும்."

கை என்றாலும் கரம் என்றாலும் தமிழில் ஒன்று. மைதானத்தில் இரண்டும் வேறு விளையாட்டு. நாலு மாதம் நான் பழகியது அங்கே விளையாடாத ஒன்றை.

என்னையும் இறக்கினார்கள். பந்து வந்தபோதெல்லாம் என் கை பிடிக்க மறுத்தது. தட்டியே விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த அம்மாவுக்கும் பொறுக்கவில்லை.

"பந்து என்ன நெருப்புத் தணலோடி? பிடியன்."

"ஏலாதம்மா. கை கேக்குதில்லை."

பயிற்றுவிக்கும் அம்மையார் என்னை வெளியே போய் நிற்கும்படி கை காட்டினா. நான் அழவில்லை. எனக்குக் கோபம். அந்தக் கோபத்தோடுதான் எங்கள் தீவுக் கோயிலில் இருக்கும் நயினை அம்மாளைக் கூப்பிட்டேன். நேர்த்திக்கடன் எதுவும் வைக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. "பிழை விட்ட லிகிதர் யாழ்ப்பாணத்தில் கதிரையில் இருக்கிறார். நான் ஏன் இங்கே தலை குனிய வேணும்? தாயே, இதுக்கு நீதான் மறுமொழி சொல்லவேணும்" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

கொஞ்ச நேரத்தில் கோல் காத்த பெண் விரல் சுளுக்கி வெளியே வந்தாள். அம்மையார் சுற்றிப் பார்த்தா. பிறகு என்னை நோக்கி விரலை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னா.

"அக்கா, உங்களைத்தான். கோலுக்குள்ள நிக்கட்டாம்" என்றாள் மட்டக்களப்புப் பிள்ளை.

கோல் காப்பவள் பந்தைப் பிடிக்கத் தேவையில்லை. தட்டினால் போதும். நாலு மாதம் என் உடம்பு படித்தது அதை மட்டும்தான். விழுந்து தட்டினேன், எழும்பித் தட்டினேன். சிரித்தவர்கள் எறிந்த பந்துகளைத்தான் தட்டினேன். பின்னேரம் பெயர்கள் வாசித்தார்கள். கடைசிப் பெயர் என்னுடையது. அம்மா மைதானத்திலேயே வடக்கே எங்கள் தீவுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டா. அப்போதுதான் நான் அழுதேன்.

ஊருக்குத் திரும்பும் வழியில் அந்தக் கந்தோருக்குப் போனேன். லிகிதருக்குச் செய்தி முன்னமே தெரிந்திருந்தது.

"பாத்தீரே பிள்ளை, நான் பிழையா எழுதினபடியால்தான் உமக்கு இடம் கிடைச்சது."

"இடம் தந்தது அம்மாள். பிழை உங்கட. ரெண்டையும் ஒண்டாக் கட்டாதேங்கோ."

பக்கத்து மேசைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை.

இதை வாசிக்கும் அம்மாளின் அடியார்களே, எல்லாம் நன்மைக்கே என்று என்னிடம் சொல்லாதீர்கள். சுவரில் இருந்த அந்த ஒரு பிழையான சொல்லை நம்பிப் பழகி, கொழும்புக்குப் போக வழியில்லாமல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்காக என் கோபம் ஆறவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு போய் நின்றபோதும் தாய் என்னைத் தள்ளிவிடவில்லை. அழுகையோடுதான் அவளிடம் போகவேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது எதையும் ஒளிக்காமல் போகிறேன். உங்கள் நெஞ்சில் கோபம் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். அவள் கேட்பாள்.

ஆசியப் போட்டிக்கான பயிற்சி ஆவணியில் தொடங்குகிறது. அதுவரை நான் சும்மா இருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஐயாவும் நானும் பள்ளிக்கூட வளவில் கோலுக்காகப் பனங்கம்பங்கள் நட்டோம். உயரம் இரண்டு மீற்றர், இடைவெளி மூன்று மீற்றர். பக்கத்தில் ஒரு பலகையில் "கைப்பந்து" என்று பெரிதாக எழுதி, பந்தைப் பிடித்து நிற்கும் ஒரு பெண்ணின் படத்தையும் கீறி வைத்திருக்கிறேன். நேற்று ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள்.