மரகதத்தைப் பட்டணத்துப் பள்ளியில் விட்டுவந்த பயணம்

பள்ளி திறக்கும் வாரத்தில், மகள் மரகதத்தோடு பினாங்குக்குப் போய்வந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு சரி. பிறகு பிள்ளைகள் புல்வெட்டப் போகவேண்டியதுதான். ஜார்ஜ் டவுனில் இருக்கும் என் அக்கா, "இங்க கொண்டாந்து விடு தம்பி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளை அங்கே ஒட்டுவாளா என்பதுதான் என் கவலை.

சுங்கைப்பட்டாணியில் காலை ஏழு மணிக்கு ரயிலேறினோம். பிறை வரை இருபது மைல் சொச்சம். அங்கிருந்து ரயில்வே கப்பல். (மேல்தட்டில் இடம் பிடியுங்கள். கீழே முழுக்கக் கோழிக்கூடைகள்!)

கரையில் அக்காவும் அவர் மகள் கமலமும் காத்திருந்தார்கள். பத்து வயதுக் கமலம் ரிக்‌ஷா இழுக்கும் சீனரிடம் மலாயில் பேரம் பேசி, இருபது காசைப் பன்னிரண்டாக்கினாள். வழிநெடுகக் கடைப் பலகைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்துக்கொண்டே வந்தாள். பாதிப் பாடத்தைத் தெருவே நடத்திவிடுகிறது! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பள்ளியில் மணி அடித்ததும் பிள்ளைகள் சளசளவென்று வகுப்புக்கு ஓடினார்கள். மரகதம் மட்டும் முற்றத்தில் கைகட்டித் தலைகுனிந்து நின்றுவிட்டாள். தோட்டத்தில் மணி என்றால் பெரட்டு. விடியலில் வேலையாட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுப்பது. விடுமுறையில் அம்மாவோடு புல்வெட்டப் போய்ப் பழகியவள் அவள். டீச்சர் பெயரைக் கூப்பிட்டதும், "இருக்கேங்க தொரை!" என்றாள். பள்ளியே சிரித்தது. நான் குறுகிப்போனேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மரகதம் தடங்கலில்லாமல் வாசித்தாள்.

"அஞ்சாவதுல உக்காரட்டும்ணே. ஒரு வாரம் பாப்போம். அழுதுக்கிட்டே இருந்தா கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் என்னிடம்.

முதல் இரண்டு நாளும் அழுகைதான். கமலம் விடவில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு இழுத்துப்போய், "நீயே கேட்டு வாங்குலா" என்று பட்டணத்துப் பிள்ளைகள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டும் 'லா'வோடு கடை கடையாகத் தள்ளிவிட்டாள். அந்தச் சிறுமிக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

வாரம் முடிந்து நான் புறப்பட்ட காலையில், "கப்பலடி வரைக்கும் வர்றியாம்மா?" என்று மரகதத்திடம் கேட்டேன்.

"எனக்கு ஸ்கூல் இருக்குலாப்பா" என்று சொல்லிவிட்டுக் கமலத்தோடு ஓடினாள்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் ஒரு வாரத்துக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர் வீட்டில் கமலம் மாதிரி ஒருத்தி இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். பிள்ளைக்குத் திரும்பிவர டிக்கெட் மட்டும் எடுக்காதீர்கள். பயந்துபோய் நான் எடுத்திருந்தேன். வீணான அந்த டிக்கெட்டைக் கப்பலில் கையில் வைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக அக்கரை வந்து சேர்ந்தேன்.