தள்ளி வைத்த கிண்ணம்

டென்மார்க்கின் சில்கெபோர்க்கில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மதுவின் அழைப்பு வந்தது. "மாமா, அப்பா போயிட்டார். நித்திரையிலேயே." மதுவின் அப்பா தில்லை அண்ணையும் நானும் முன்பு ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய கரண்டிச் சட்டமும் தெரியும். எந்த விழாவிலும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்பார். "வாய் பட்டது திரும்பச் சட்டிக்குள்ள போகப்படாது, ஒண்டின்ர கரண்டி மற்றதுக்குள்ள போகப்படாது" என்பார். எச்சில் பொலிஸ் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். ஒருமுறை அகப்பையிலிருந்தே சாம்பாரை ருசி பார்த்துவிட்டேன். அண்ணை திட்டவில்லை, புதிதாக வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மது கோப்பன்ஹேகனில் டானியலை விரும்பினாள். அவனுடைய தாய் ரூத் இஸ்ரேலிலிருந்து வந்து அங்கே உணவகம் நடத்துபவர். கலியாணத்துக்கு அண்ணை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாதக்கணக்காக மது காத்திருந்தாள். கடைசியில் ரூத் தன் உணவகத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். "நீயும் வா, டேனிஷ் கதைக்க ஆள் வேணும்" என்றார் அண்ணை. என்னைவிட அவருக்கு டேனிஷ் நன்றாக வரும்.

மேசை நடுவே கொண்டைக்கடலை அரைத்து ஒலிவ் எண்ணெய் ஊற்றிய ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காய் மசியல், சூடான ரொட்டி. எல்லோரும் ரொட்டியைப் பிய்த்து ஒரே தட்டில் தொட்டுச் சாப்பிட்டார்கள். அண்ணைக்கு முன்னால் மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் தனியாக இருந்தது.

"இதென்ன, எனக்கு மட்டும்?"

"உங்களுக்கு எச்சில் பிடிக்காதெண்டு நான்தான் சொல்லி வைச்சனான், அப்பா."

மது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அண்ணை கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"சம்பந்தி வீட்டிலை ஆரும் தனிக் கிண்ணத்திலை சாப்பிடுறதோ?"

ரொட்டியைப் பிய்த்து, எல்லோரும் தொட்ட தட்டிலேயே தொட்டு வாயில் வைத்தார். மது அழுதுவிட்டாள். அவளுக்கு ஏதோ காரம் உறைத்துவிட்டதாக்கும் என்று ரூத் தண்ணீரை நீட்டினார். சம்பந்தி என்றால் என்ன என்று மது டேனிஷில் சொன்னதும் அவர் எழுந்து வந்து அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அண்ணை காரில் ஒன்றுதான் சொன்னார்: "கத்தரிக்காய் நல்லாச் சுட்டிருக்கினம். பச்சைமிளகாய்தான் காணாது."

அண்ணை போன எட்டாம் நாள் சாப்பாட்டுக்கு ரூத்தும் வந்திருந்தார். மேசையில் கறிக்கரண்டி பாயசத்துக்குள் கிடந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அதை எடுத்துக் கழுவி வைத்தேன். அந்தக் காவல் இனி என்னுடையது. கூடவே, அந்தச் சின்னக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிய அவருடைய கையையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன்.