இரண்டு பக்கமும் ஒரே ரத்தம்

என் மகள் பிறந்த அன்று, அவள் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நர்ஸ் உரித்தாள். பிளாஸ்திரியோடு தோலும் வந்தது.

அன்றைக்கே என் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஏட்டி, உங்க அம்மை வழியில யாரோ பாம்பை அடிச்சிருக்காவ. அதான் பிள்ளைக்குத் தோலு உரியுது." மாமியார் என்றாலும் எனக்கு அவள் அத்தை, என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அத்தை மகனைத்தான் நான் கட்டியிருந்தேன்.

சட்டையின் தையல் பட்டாலே மகளுக்குக் கொப்புளம் வந்தது. தவழ்ந்தால் முழங்கால் தோல் வழன்றது. தினமும் சுத்தமான ஊசியால் நீரை வடித்து, ஒட்டாத துணியைச் சுற்றினேன். ஆறிய இடமே மறுபடி கிழிந்தது.

அவளுக்கு மூன்று வயதானபோது, நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அத்தை அவளை வள்ளியூரிலிருந்து பாபநாசத்துக்குத் தூக்கிப் போய் ஆற்றில் முக்கி எடுத்து வந்தாள். பாவம் கழியுமாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன பாவம்? புண்ணெல்லாம் சீழ் வைத்து, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். "அம்மா நல்லதுக்குத்தானே செஞ்சா" என்றார் என் கணவர். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அங்கேதான் எங்கள் மூவரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா விளக்கினார். "மேல்தோலையும் உள்தோலையும் சேர்த்துப் பிடிக்கிற இழை இவளுக்குச் சரியா உருவாகல. அதான் லேசாப் பட்டாலும் பிரியுது, ஆறினாலும் நிலைக்கல. அந்த மரபணுவில ஒரே பிழை உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் வந்தா ஒண்ணும் தெரியாது. இவளுக்கு ரெண்டு பக்கமும் வந்திருச்சு. சொந்தத்துல கட்டுனீங்களோ?"

அப்பாவும் அத்தையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிழை வந்தது அந்த வழி. இத்தனை வருஷம் திட்டு வாங்கியது என் அம்மா.

இதை அத்தையிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமே தன் இளைய மகனுக்கு என் தங்கையைக் கேட்டாள். அப்பாவும் சரி என்றுவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துட்டுப் பேசுங்கப்பா."

"அக்கா வாய்விட்டுக் கேட்டுட்டா. ரத்தத்தைச் சோதிக்கணும்னு எந்த மூஞ்சிய வச்சிச் சொல்லுவேன்?"

"பேத்தி உடம்பைப் பாத்த பெறகும் அக்காதான் உங்களுக்குப் பெரிசா?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சம்பந்தத்தை உறுதி செய்யப் பூ வைக்க எங்கள் அம்மா வீட்டுக்கு வந்த அன்று அத்தை என்னிடம் சொன்னாள்: "பிள்ளைய உள்ள வச்சிக்கோ. வந்தவங்க பாக்க வேண்டாம்." மகளோடு மருந்துத் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன். "சித்தப்பா காலைப் பிடிக்கட்டுமா?" என்று மகளைக் கேட்டேன். தலையாட்டினாள்.

மாப்பிள்ளையாக வந்திருந்த கொழுந்தன் வந்து உட்கார்ந்தார். துணியை நனைத்து நனைத்துப் பிரித்தேன்.

"சித்தப்பா, பைய" என்றாள் மகள்.

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்த அந்தப் பாதத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. நான் கட்டி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு அத்தையைப் பார்த்து, "அம்மா, பூ இப்ப வேண்டாம், எடுத்து உள்ள வையிங்க. டெஸ்ட் எடுத்துட்டுப் பேசுவோம்" என்றார். அறை வாசலில் நின்ற தங்கை, "நானும் வாரேன்" என்றாள்.

இருவரிடமும் அந்தப் பிழை இருந்தது. சம்பந்தம் நின்றது. "நல்லவேளை, முன்னாலேயே தெரிஞ்சது" என்றார் அப்பா, ஏதோ அவர்தான் தடுத்ததுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை இப்போது சொந்தத்துக்கு வெளியே, அசலில் கட்டி, நன்றாக இருக்கிறாள். மகள் பஞ்சு சுற்றிய பென்சிலைப் பிடித்து எழுதிப் பள்ளிக்கூடம் போகிறாள். அத்தை மட்டும் போகிற வீடெல்லாம், "நடக்க இருந்த கல்யாணத்தை என் மருமவ கலைச்சிட்டா" என்று சொல்லித் திரிகிறாள்.

போன மாசம் ஒரு விசேஷ வீட்டில் நானே அதைக் கேட்டேன். பந்தி நடுவே அவள் பக்கத்தில் போய் நின்று சொன்னேன்: "ஆமா அத்தை, நான்தான் கலைச்சேன். ரத்தம் பாக்காம நம்ம வீட்டுல இன்னொரு சம்பந்தம் பேசுங்க, அதையும் கலைப்பேன்."